மாலை போட்ட சுவர்

சின்ன மாமாவை நம்பி ஒரு குடையைக்கூடக் கொடுத்தனுப்ப முடியாது என்பாள் அம்மா. அப்படிச் சொன்ன அதே வாயால்தான், நான் ஐந்தாம் வகுப்பு முடித்த லீவில், என்னை அவரோடு தாராவிக்கு அனுப்பிவைத்தாள். ஏழு மணிக்குள் திரும்பிவிட வேண்டும், கையை விடக் கூடாது, கண்ட இடத்தில் தண்ணீர் குடிக்கக் கூடாது என்று எனக்கும் அவருக்கும் சேர்த்தே உத்தரவு போட்டாள். எல்லாம் சொல்லி முடித்து வாசல் வரை வந்தவள், எங்களைப் பார்க்காமல் கதவின் தாழ்ப்பாளைப் பார்த்துக்கொண்டு, அண்ணன் ஊரிலிருந்து வந்துவிட்டானா என்று கேட்டாள். இன்றைக்கு மத்தியானம்தான் வருகிறார் என்றார் மாமா. அப்படியானால் அவன் வருவதற்குள் பிள்ளையை அங்கிருந்து கிளப்பிவிடு என்றாள்.

அந்த அண்ணன்தான் என் பெரிய மாமா. கல்யாணில் பிறந்து வளர்ந்த நான் அதுவரை அவரைப் பார்த்ததே இல்லை. காரணம் எனக்கு அரைகுறையாகத்தான் தெரியும். அம்மா தாராவியில், சர்ச் மணியடித்தால் பைபிளைத் தூக்கிக்கொண்டு கிளம்பும் வீட்டில் பிறந்தவள். அப்பா மாட்டுங்காவில், மூன்று தலைமுறையாக ஆபீஸுக்குப் போய்வரும், பூஜை அறை உள்ள வீட்டுப் பிள்ளை. ஒரு வீட்டிலிருந்து இன்னொன்றுக்கு நடந்தே போய்விடலாம். அவர்கள் இருவரும் கல்யாணம் செய்துகொண்டதும் இரண்டு வீட்டுக் கதவும் சாத்திக்கொண்டன. அப்பா வீட்டில் தீபாவளிக்குப் போன் பேசும் அளவுக்கு நாளடைவில் இறங்கிவந்தார்கள். தாராவிக் கதவு மட்டும் திறக்கவே இல்லை.

பெரிய மாமா வெறும் அண்ணன் இல்லை. தாயும் தகப்பனும் சீக்கிரமே போய்விட்ட பிறகு அம்மாவைத் தூக்கி வளர்த்தவர். ஸ்கூல் பை தைக்கும் சின்னப் பட்டறை வைத்து, அந்தத் தையலிலேயே அவளைக் காலேஜ் வரை படிக்கவைத்தவர். அப்படிப்பட்டவரின் கோபம் பெரிய கோபம். இனிமேல் இந்த வீட்டில் அவள் பேரை எடுக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார். யாரும் எடுக்கவில்லை. சின்ன மாமா மட்டும் டெலிவரி இருக்கிறது என்று அண்ணனிடம் பொய் சொல்லிவிட்டு எங்கள் வீட்டுக்கு வருவார். அவர் வந்தால் அம்மா சுற்றி வளைத்து எல்லாவற்றையும் விசாரிப்பாள். பட்டறைக் கூரை ஒழுகுகிறதா, அண்ணனுக்குச் சர்க்கரை எவ்வளவு இருக்கிறது, மாத்திரை ஒழுங்காகப் போடுகிறானா. தன்னைப் பற்றி ஏதாவது கேட்டானா என்று மட்டும் ஒருநாளும் கேட்கமாட்டாள். மாமாவும் சொன்னதில்லை, சொல்வதற்கு எதுவும் இல்லாததால்.

சின்ன மாமாவின் வேலையைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும், அது இந்தக் கதைக்குத் தேவை. அவர் ஒரு பிளக்ஸ் கடையில் பேனர் அடித்துக்கொண்டிருந்தார். தாராவித் தமிழர்களில் யார் பிறந்தாலும், சடங்கானாலும், கல்யாணம் கட்டினாலும், செத்துப்போனாலும் மாமாவின் கம்ப்யூட்டரைத் தாண்டித்தான் போக வேண்டும். தொழில் ஒன்றும் பெரிய கம்பசூத்திரம் இல்லை என்பார். முகத்துக்குப் பக்கத்தில் பூ வைத்தால் கல்யாணம், முகத்தைச் சுற்றி மாலை போட்டால் கண்ணீர் அஞ்சலி, அவ்வளவுதான். ஒருமுறை புது மாப்பிள்ளை ஒருவனுக்குத் தூக்கக் கலக்கத்தில் மாலையை மாற்றிப் போட்டு, பெண் வீட்டார் கடை ஷட்டரை உடைக்க வந்ததாகவும் சொல்லியிருக்கிறார்.

அன்றைக்கு நாங்கள் போனது மாமாக்கள் குடியிருந்த சந்தைப் பார்ப்பதற்கு. சந்து முழுக்கப் படம் வரைகிறார்கள், நேரில் பார்த்தால்தான் தெரியும் என்று மாமா ஒரு வாரமாகப் போனில் என்னைத் தூண்டிக்கொண்டிருந்தார். குர்லாவில் வண்டி மாறினோம். தாராவிக்குச் சயானில் இறங்குவோம் என்று நான் எழுந்து நின்றால் மாமா உட்காரச் சொன்னார். அடுத்த ஸ்டேஷனான மாட்டுங்காவில் இறங்கி, பூக்கடை வரிசைக்குக் கூட்டிப்போனார். அங்கே ரோஜாவும் செவ்வந்தியும் வைத்துக் கட்டிய, என் உயரத்துக்கு இருந்த ஒரு மாலையை வாங்கினார். யாருக்கு என்று கேட்டேன்.

"உங்கம்மைக்கு."

"அம்மா வீட்டுலல்ல இருக்கா?"

"இருக்கா, இருக்கா. நல்லா இருக்கட்டும்" என்று சொல்லி, வாழை இலையில் சுற்றிய மாலையை என் கையில் கொடுத்தார். டாக்சியில் அதை மடியில் வைத்துக்கொண்டு போனேன். எங்கள் ஸ்கூல் ஆண்டு விழாவில் சீப் கெஸ்ட்டுக்கு மாலை போடும் பொறுப்பு வருடா வருடம் வேறு யாருக்காவதுதான் போகும். ஒரு மாலையை முழுதாக நானே பிடித்துக்கொண்டிருந்தது அதுவே முதல் தடவை. மாமா வழியெல்லாம் போனைப் பார்த்தபடியே வந்தார். கிரிக்கெட் ஸ்கோர் பார்க்கிறார் என்று நினைத்தேன். ஊரிலிருந்து வரும் ரயில் எந்த ஸ்டேஷனைத் தாண்டியிருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார் என்பது பிறகு தெரிந்தது.

அந்தச் சந்தை நான் இன்றும் கண்ணை மூடினால் பார்ப்பேன். இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் யார் வீட்டுக்குள்ளாவது ஏறி நின்று வழி விட வேண்டும், அவ்வளவு ஒடுக்கம். ஆனால் தரையிலிருந்து தகரக் கூரை வரை ஒரு சாண் இடம் விடாமல் வண்ணம். வாசலுக்கு வாசல் இருந்த நீலத் தண்ணீர் டிரம்முக்கெல்லாம் வார் வரைந்து தவிலாக்கி வைத்திருந்தார்கள். சுவரில் வளைந்து நெளிந்து ஏறிய குழாய்க்கு யானைத் தலை முளைத்திருந்தது. மீட்டர் பெட்டிகளுக்குக் கண்ணும் மீசையும். ஒரு வீட்டுச் சுவரில் மூக்குக் கண்ணாடி போட்ட ஆடு பேப்பர் படித்துக்கொண்டிருந்தது, அதற்குக் கீழே நிஜ ஆடு ஒன்று கட்டியிருந்த இடத்தில் நின்றபடி ஒரு அட்டைப் பெட்டியைத் தின்றுகொண்டிருந்தது. எங்கள் கல்யாண் பில்டிங் முழுக்க சொசைட்டி தீர்மானம் போட்டு அடித்த ஒரே மஞ்சள். ஏன் நம் வீட்டை விட்டு அம்மா இங்கே வந்து இருக்கக் கூடாது என்று எனக்குத் தோன்றியது.

வரைந்தவர்கள் நாலைந்து பேர், எல்லோரும் காலேஜ் வயது. அவர்களில் தலைவி போல இருந்த அக்காவுக்குத் தலைமுடியில் பாதி பச்சை. சந்துக்காரர்கள் அவளைப் பச்சைமுடி என்றே கூப்பிட்டார்கள், அவளும் அதற்கே திரும்பிப் பார்த்தாள். சந்தின் கடைசியில் இருந்த பெரிய சுவருக்கு இந்தச் சந்தில் பிறந்த ஒரு பெண்ணின் முகம் வேண்டும் என்று அவள் கேட்டிருக்கிறாள். அந்தச் சுவர் பெரிய மாமாவின் பட்டறைச் சுவர். அவர் சர்ச்சில் அசன விருந்து என்று ஊருக்குப் போயிருந்தார். சின்ன மாமா அண்ணன் சார்பில் அனுமதியும் கொடுத்து, தன் போனிலிருந்து ஒரு போட்டோவும் கொடுத்துவிட்டார்.

அந்தச் சுவருக்கு முன்னால் போய் நின்றேன். இரட்டைச் சடை போட்ட ஒரு பெண், வாய் நிறையச் சிரித்துக்கொண்டு, இரண்டாள் உயரத்துக்கு இருந்தாள். யார் என்று தெரியவில்லை. என்னைப் போல இருக்கிறாளே என்று மாமாவிடம் சொன்னேன். உன்னைப் போல இல்லை, நீதான் அவளைப் போல என்றார். அப்போதும் எனக்கு விளங்கவில்லை. உங்கம்மைதான் என்று அவர் சொன்ன பிறகு பார்த்தால் அம்மா. ஆனால் அப்படிச் சிரிக்கும் அம்மாவை நான் பார்த்ததில்லை.

பெரிய மாமி பட்டறையை ஒட்டியிருந்த தன் வீட்டிலிருந்து வந்து என்னைக் கட்டிக்கொண்டாள். அவளுக்கும் விஷயம் தெரிந்திருக்கிறது. மாமா என்னை ஏணியில் ஏற்றிவிட்டுக் கீழே பிடித்துக்கொண்டார். சுவரில் முன்பே அடித்து வைத்திருந்த இரண்டு ஆணிகளில் மாலையின் இரண்டு நுனியையும் நானே மாட்டினேன். அம்மாவின் முகத்தைச் சுற்றி மாலை அழகாக விழுந்தது. பச்சைமுடி அக்காவுக்கு, தான் கஷ்டப்பட்டு வரைந்த கழுத்து மறைந்துபோனதில் வருத்தம். ஆனாலும் தமிழர்கள் திறப்பு விழாவை இப்படித்தான் செய்வார்கள்போல என்று நினைத்துக்கொண்டு நாலு போட்டோ எடுத்தாள். தலையில் கூடையோடு வந்த இட்லிக்காரர் மட்டும் கூடையை இறக்கி வைத்துவிட்டு, எப்ப அண்ணாச்சி என்று தணிந்த குரலில் கேட்டார். மாமா அவரைத் தள்ளிக்கொண்டுபோய்க் காதில் ஏதோ சொன்னார். அவர் சிரித்தார், பிறகு வேடிக்கை பார்க்க எதிர்த்த படியில் உட்கார்ந்துகொண்டார்.

அந்த நேரம் பார்த்து வெள்ளைக்காரர்கள் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு ஒரு கைடு வந்தான். இப்படித் தினமும் யாராவது வருவார்களாம். மாலையைப் பார்த்து விழித்தான். பிறகு சுதாரித்துக்கொண்டு, இது இங்குள்ள தமிழர்களின் தெய்வம், பை தைக்கிறவர்களைக் காப்பாற்றுகிறவள் என்று இங்கிலீஷில் அடித்துவிட்டான். அதில் ஒரு அம்மாள் செருப்பைக் கழற்றிவிட்டு என் அம்மாவைக் கும்பிட்டாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அவர்கள் நகர்ந்த பின்னால்தான் சந்து முனையில் பெரிய மாமா தெரிந்தார். அவர்தான் என்று எனக்கு அப்போது தெரியாது. கசங்கிய சட்டை, தோளில் துண்டு, இரண்டு கையிலும் இரண்டு நீலப் பைகள், இரண்டுமே அவர் பட்டறையில் தைத்தவை. ஒடுக்கமான சந்து என்பதால் தலையைக் குனிந்தபடியே வந்தவர், பட்டறைக்கு முன்னால் வந்துதான் நிமிர்ந்தார். கையிலிருந்த பைகள் கீழே விழுந்தன. சுவரைப் பார்த்தார், மாலையைப் பார்த்தார், தம்பியைப் பார்த்தார்.

"எப்பல?" என்றார்.

சின்ன மாமா தலையைக் குனிந்துகொண்டார்.

"எப்பல நடந்துச்சு? அடக்கமும் முடிஞ்சிட்டா?"

மாமி சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு வீட்டுப் பக்கம் திரும்பினாள். அவள் சிரிப்பை அடக்குகிறாள் என்று எனக்குத் தெரிந்தது. அவருக்கு அது வேறு மாதிரி தெரிந்திருக்க வேண்டும். சுவரில் கையை ஊன்றிக்கொண்டார். அவர் கைக்கு எட்டியது அம்மாவின் சடை நுனிதான்.

"பேரை எடுக்காதியன்னுதாம்ல சொன்னேன். இதக்கூடச் சொல்லவேண்டாம்னா சொன்னேன்?"

எனக்குப் பயமாகிவிட்டது. யார் இது என்று சின்ன மாமாவின் சட்டையைப் பிடித்து இழுத்துக் கேட்டேன். உங்கம்மைக்கு அண்ணன் என்றார் அவர். அப்போதுதான் பெரிய மாமா என்னைக் கவனித்தார். சுவரில் இருந்த முகத்தையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு அப்படியே மண்டியிட்டு, என்னை இழுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். ரயில் வாடையும் புகையிலை வாடையும் கலந்து அடித்தது. எனக்கு மூச்சு முட்டியது.

"நீ எங்கயும் போவாண்டாம் மக்கா. நான் வளக்கேன். அவளை வளத்தவனுக்கு உன்னை வளக்கத் தெரியாதா?" என்றார்.

அவர் சொன்னதில் எனக்குப் புரிந்தது ஒன்றுதான். இந்த ஆள் என்னை வீட்டுக்கு விடப்போவதில்லை. படம் வரைந்த சந்தெல்லாம் ஒரு நாள் பார்ப்பதற்கு நன்றாக இருக்கும், அதற்காக அம்மாவை விட்டுவிட்டு இருக்க முடியுமா? நான் அழுதுகொண்டே அவர் பிடியிலிருந்து திமிறினேன்.

"நான் இங்க இருக்க மாட்டேன். ஏழு மணிக்குள்ள போகணும். லேட்டானா அம்மா எங்க ரெண்டு பேரையும் அடிப்பா."

அவர் பிடி தளர்ந்தது.

"எந்த அம்மா?"

நான் சுவரைக் காட்டினேன். "இந்த அம்மாதான்."

பெரிய மாமா மெதுவாகத் தம்பியின் பக்கம் திரும்பினார். சின்ன மாமா ஓடவில்லை. தோளில் கிடந்த துண்டை முறுக்கி அண்ணன் கொடுத்த அடியை முதுகில் வாங்கிக்கொண்டே, போனில் அம்மாவின் நம்பரைப் போட்டு, ஸ்பீக்கரில் வைத்து, என் கையில் கொடுத்தார். நான் பேச வாயெடுப்பதற்குள் பெரிய மாமா போனை வாங்கிக்கொண்டார்.

"என்னல, கெளம்பிட்டியளா?" என்று அம்மா கேட்டாள். பதில் வரவில்லை. சின்ன மாமாதான் என்று நினைத்துக்கொண்டு அவள் பாட்டுக்குப் பேசினாள். "பிள்ளை சாப்பிட்டாளா? அண்ணன் வந்துட்டான்னா நீ அவன்ட்ட வாயக் குடுக்காத. வண்டில வந்த களைப்புல இருப்பான். மாத்திரை போட்டானான்னு மட்டும் பாத்துட்டு வா."

அவர் போனைக் காதில் வைக்கவில்லை, முகத்துக்கு முன்னால் ஒரு கண்ணாடியைப் போலப் பிடித்திருந்தார். அம்மா இரண்டு தரம் ஹலோ ஹலோ என்றாள். டவர் இல்லைபோல என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். அதன் பிறகும் அவர் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்தார். வெயிலில் பை தூக்கி வந்த வியர்வை என்று நினைத்தேன்.

அடுத்து அவர் செய்த காரியத்தில்தான் எனக்கு அவர் மேல் முதல் கோபம் வந்தது. யாரையும் ஏணியைத் தொடவிடாமல் தானே ஏறி, மாலையை ஆணியோடு பிடுங்கி எறிந்தார். மாட்டுங்காவிலிருந்து நான் மடியில் வைத்துக் கொண்டுவந்த மாலை. ஆடு அட்டைப் பெட்டியை விட்டுவிட்டு ரோஜாவுக்கு வந்தது. பச்சைமுடி அக்கா பயந்துபோய், படம் பிடிக்கவில்லையா, அழித்துவிடட்டுமா என்று ஹிந்தியில் கேட்டாள். பெரிய மாமா ஏணியில் நின்றபடியே படத்தை வெகுநேரம் பார்த்தார். மூக்கு இவ்வளவு நீளம் கிடையாது, மற்றபடி பரவாயில்லை என்று தன் பம்பாய் ஹிந்தியில் சொல்லிவிட்டு இறங்கினார்.

வீட்டுக்குள் போனதும் அவர் உம்மணாமூஞ்சி ஆகிவிட்டார். மாமி மீன் குழம்பு ஊற்றினாள். அவர் எனக்கு எதிரே உட்கார்ந்து சாப்பிட்டார், அம்மாவைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. தம்பியோடும் பேசவில்லை. முள் எடுக்கத் தெரியாமல் நான் திண்டாடுவதைப் பார்த்து, தட்டைத் தன் பக்கம் இழுத்து, முள்ளை எல்லாம் பொறுக்கி எடுத்துவிட்டுத் திரும்பத் தள்ளினார். நாங்கள் கிளம்பும்போதும் அம்மாவை வரச் சொல்லவில்லை. வாசலில் கிடந்த இரண்டு நீலப் பைகளில் ஒன்றைத் தூக்கிச் சின்ன மாமாவிடம் நீட்டினார்.

"ஊர்ல இருந்து கொண்டாந்த கருப்பட்டி. அவ வீட்டுல குடுத்துரு."

அவ்வளவுதான். சின்ன மாமாவின் முகம் தொங்கிவிட்டது. இத்தனை நாள் போட்ட திட்டத்துக்கு ஒரு பை கருப்பட்டிதான் கிடைத்தது என்று ரயிலில் தனக்குத் தானே புலம்பிக்கொண்டு வந்தார்.

வீட்டுக்கு வந்ததும் நான் ஒன்றுவிடாமல் அம்மாவிடம் ஒப்பித்தேன். மாலை என்றதும் அம்மா சின்ன மாமாவைக் கரண்டியை எடுத்து விரட்டினாள், பிறகு அவளே தரையில் உட்கார்ந்து சிரித்தாள். வெள்ளைக்காரி கும்பிட்டதைச் சொன்னதும் கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள். "நான் வளக்கேன்" என்று அவர் சொன்ன இடம் வந்ததும் சிரிப்பை நிறுத்திவிட்டு, மறுபடி சொல்லு என்றாள். சொன்னேன். இன்னொரு தரம் சொல்லு என்றாள். மண்டியிட்டு, அவர் குரலிலேயே நடித்துக் காட்டினேன். அவன் அழுதானா என்று கேட்டாள். இல்லை, நல்ல வெயில், வியர்த்துக் கொட்டியது, துடைத்துக்கொண்டே இருந்தார் என்றேன்.

பிறகு அம்மா பையைத் திறந்தாள். கருப்பட்டி இல்லை. ஊரில் உடுத்திக் கழித்த நாலைந்து சட்டை, இரண்டு வேட்டி, இடுப்பில் கட்டும் சாரம் ஒன்று. எல்லாம் அழுக்குத் துணி. சின்ன மாமா தலையில் அடித்துக்கொண்டார். அந்தக் கலவரத்தில் அண்ணன் பையை மாற்றிக் கொடுத்துவிட்டான், கொடு, நான் போகும்போது கொண்டுபோய்க் கொடுத்துவிடுகிறேன் என்று கையை நீட்டினார். அம்மா பையை விடவில்லை.

"ஏல, பை தைக்கிறவனுக்கா பை மாறும்?" என்றாள்.

சின்ன மாமா நீட்டிய கையை மடக்கிக்கொண்டார். கொஞ்ச நேரம் பையையே பார்த்தார், பிறகு விழுந்து விழுந்து சிரிக்க ஆரம்பித்தார். பை மாறிப்போனதில் சிரிப்பதற்கு என்ன இருக்கிறது என்று எனக்குப் புரியவில்லை. ஊரார் பைக்கெல்லாம் ஜிப்பு வைக்கிற மனிதர் தன் பையைத் திறந்து பார்த்துக் கொடுத்திருக்கக் கூடாதா என்றும், அடுத்த தடவை பார்த்தால் சொல்லிவிட வேண்டும் என்றும் அம்மாவிடம் சொன்னேன். ஆமாம், கட்டாயம் சொல்லு என்றாள்.

அந்தத் துணிகளை அவள் மிஷினில் போடவில்லை. கையால் துவைத்தாள். கஞ்சி போட்டாள். சட்டைகளில் பித்தான் விட்டுப்போயிருந்த இடத்திலெல்லாம் பித்தான் வைத்துத் தைத்தாள். சனிக்கிழமை சாயங்காலம் உட்கார்ந்து ஒவ்வொன்றாக இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தவளிடம், இவ்வளவு எதற்கு, கூரியரில் அனுப்பிவிடலாமே என்று அப்பா கேட்டார். அம்மா தன் நல்ல சேலை ஒன்றையும் எடுத்து அந்தச் சூட்டிலேயே தேய்த்தாள். நாளைக்குச் சீக்கிரம் எழுந்து குளிக்க வேண்டும், அந்த மஞ்சள் கவுனைப் போட்டுக்கொள் என்று என்னிடம் சொன்னாள். மறுநாள் காலை கல்யாண் ஸ்டேஷனில் நீலப் பையைக் குழந்தையை அணைப்பதுபோல அணைத்துக்கொண்டு அவள் நின்றாள். அழுக்குப் பட்டுவிடும் என்று கீழே வைக்க மறுத்துவிட்டாள். வண்டிக்குள் எனக்கு ஜன்னல் சீட் கிடைத்தது. பையைத் திருப்பிக் கொடுக்கத்தான் போகிறோம் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.